சிலுவைப் பலகையின் நான்கு வாசகங்கள்

நாசரேத்தூர் இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாளில், அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்று வழிப்போக்கர்க்கு அறிவிக்கும்பொருட்டு ஒரு வாசகம் எழுதி வைக்கப்பட்டது என்று சுவிசேஷகர் நால்வரும் ஒருமுகமாகச் சொல்கின்றனர். அவர் வாழ்நாளில் அவரைப் பற்றி எழுத்தில் பொறிக்கப்பட்டதாகச் சுவிசேஷங்கள் கூறுவது அந்த ஒரு வரியைத்தான். யூதருடைய அரசன் என்ற பட்டம் அதில் இருந்தது என்பதில் நால்வர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் மாற்கு அப்பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார், லூக்கா 'இவன்' என்னும் சுட்டு ஒன்றைக் கூட்டுகிறார், மத்தேயு இயேசு என்னும் பெயரையும் சேர்க்கிறார், யோவானோ பெயரோடு ஊரையும் சொல்லி, எபிரெயு, லத்தீன், கிரேக்கு ஆகிய மூன்று பாஷைகளிலும் அது எழுதப்பட்டிருந்தது என்று முடிக்கிறார். மூன்று பாஷைச் செய்தி லூக்காவின் பிற்கால ஏடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. மிகப் பழைய ஏடுகளுள் சில அதனை அறியா. யோவானைப் படித்துப் பழகிய கை ஒன்று, லூக்காவைப் பிரதி செய்யும்போது, நினைவில் இருந்ததை உள்ளே விட்டுவிட்டது என்று ஊகிப்பதற்கு அதிகச் சிரமம் வேண்டியதில்லை.

இவ்வளவு சிறிய விஷயத்தை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒருசாரார், நால்வர் சொன்னதும் ஒரே பொருள்தானே, இதில் வாதத்துக்கு என்ன இருக்கிறது என்பர். மற்றொருசாரார், பலகையில் எழுதி ஊரார் கண்முன் வைத்த ஒரு வரியையே நால்வர் நான்கு விதமாகச் சொல்வாரானால், கடற்கரையிலும் மலைச்சாரலிலும் வாய்மொழியாய்ப் பேசப்பட்ட நீண்ட உபதேசங்களை அவர்கள் எழுத்துப் பிசகாமல் காத்துத் தந்தனர் என்று எப்படி நம்புவது என்று கேட்பர். இரண்டு கூற்றிலும் நியாயம் உண்டு. இவ்விரண்டு நியாயங்களும் ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்க, மோதலின் பெரும்பகுதி வீணானதற்குக் காரணம், தனித்தனியே விசாரிக்கவேண்டிய மூன்று வினாக்களை இருதிறத்தாரும் ஒன்றாகக் குழைத்ததே என்பது என் எண்ணம். இன்று நம் கையில் இருக்கும் பாடம் ஆசிரியர் எழுதிய பாடந்தானா என்பது ஒன்று. அப்பாடம் சொல்லும் செய்தி நடந்த செய்திதானா என்பது மற்றொன்று. அது தெய்வத்தின் வாக்காகப் பிரமாணமாதற்கு உரியதா என்பது வேறொன்று. முதல் வினாவுக்கு ஏடுகள் விடை சொல்லும். இரண்டாவதற்குச் சரித்திரம் ஓரளவு விடை சொல்லும். மூன்றாவதற்கு இவ்விரண்டும் விடை சொல்லமாட்டா, ஆனால் எந்த விடையைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லும்.

பாடத்தைப் பற்றிய விசாரணையில் தமிழர்க்கு விசேஷமான அநுகூலம் ஒன்று இருக்கிறது. ஏட்டுச்சுவடி என்பது என்ன, அதைப் பிரதி செய்பவன் எங்கெங்கே தவறுவான், இடைச்செருகல் எப்படிப் புகும் என்பவற்றை நாம் பிறர் சொல்லிக் கேட்கவேண்டியவர்கள் அல்லர். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சில் ஏற்றுவதற்கு உ. வே. சாமிநாதையர் எத்தனை சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராடினார் என்பதை அவருடைய சரித்திரத்தைப் படித்தவர் அறிவர். கம்பனின் காப்பியத்தில் மிகைப்பாடல்கள் என்று ஒதுக்கப்பட்டவற்றை நாம் அறிவோம். பரிமேலழகர் பிறர் கொண்ட பாடத்தை மறுத்துத் தம் பாடத்தை நிறுத்தும் இடங்களையும் அறிவோம். இதனால் திருக்குறளோ இராமகாதையோ பொய்யாகிவிட்டது என்று நம்முள் எவரும் சொன்னதில்லை. புதிய ஏற்பாட்டின் நிலையும் முதற்படியில் இதுவே. அதற்குக் கிரேக்க மொழியில் மட்டும் 5,000க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள், சிறு துணுக்கு முதல் முழு நூல் ஈறாக, கிடைத்திருக்கின்றன. ஆசிரியர் கைப்பட எழுதிய மூலம் ஒன்றேனும் கிடைக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் ஜான் மில் என்பவர் முப்பது ஆண்டு உழைத்து 1707இல் ஒரு பதிப்பை வெளியிட்டு, அதில் ஏறக்குறைய 30,000 பாடபேதங்களைக் குறித்துக் காட்டிவிட்டு, நூல் வெளிவந்த இரண்டு வாரத்தில் காலமானார். பக்தர் திடுக்கிட்டனர், நாத்திகர் களித்தனர். திடுக்கிட்டவர்களையும் களித்தவர்களையும் நோக்கி ரிச்சர்டு பெண்ட்லி என்னும் கேம்பிரிட்ஜ் பண்டிதர் 1713இல் எழுதிய மறுமொழியின் சாரம் இதுதான்: பிரதிகள் பெருகப் பெருகப் பேதங்களும் பெருகும், ஆனால் ஒரே ஒரு பிரதி எஞ்சிய நூலில் பிழையைக் கண்டுபிடிப்பதற்கே வழியில்லை. சுவடி பார்த்த எவரும் இதை மறுக்கமாட்டார். பேதங்களில் மிகப்பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளும் சொல் முன்பின்னானவைகளும். மொழிபெயர்த்தால் தோன்றாமலே போய்விடுவன.

எனினும் எல்லாம் அத்தகையன அல்ல. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய வந்தவர் ஒருவர்பின் ஒருவராய் நழுவிச் சென்ற சம்பவம், உலகம் முழுவதும் இயேசுவின் கருணைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது, யோவான் சுவிசேஷத்தின் பழைய ஏடுகளில் இல்லை. பிற்கால ஏடுகள் சிலவற்றில் அது வேறு இடத்தில் இருக்கிறது, சிலவற்றில் லூக்காவில் கூட இருக்கிறது. வீடில்லாமல் அலைந்த நல்ல கதை ஒன்று கடைசியில் ஒரு வீட்டில் குடியேறியது போலும். இதனினும் கடுமையானது யோவானின் முதல் நிருபத்தில், ஐந்தாம் அதிகாரத்தில், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றே என்று திரியேகக் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லும் வசனம். எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது, தாம் பார்த்த ஏடுகளில் இல்லாமையால் அதைச் சேர்க்கவில்லை, கூக்குரல் எழுந்தது, அவ்வசனத்தை உடைய கிரேக்கப் பிரதி ஒன்று காட்டப்பட்டது, 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதைச் சேர்த்துவிட்டார். அப்பிரதி இன்று டப்ளினில் இருக்கிறது. அது பதினாறாம் நூற்றாண்டின் கையெழுத்து. ஐசக் நியூட்டன், புவியீர்ப்பை ஆராய்ந்த அதே பொறுமையோடு, இவ்வசனம் எப்படிப் புகுந்தது என்பதை ஆராய்ந்து 1690இல் எழுதிவைத்தார்; தம் வாழ்நாளில் அதை அச்சிடத் துணியவில்லை. 1897இல் ரோமாபுரியின் திருவலுவலகம் இதன் உண்மையை ஐயுறுதல் தகாது என்றது. 1927இல் அதே அலுவலகம் ஆராய்ச்சிக்கு இடம் தந்தது. நம்மவர் வீடுகளில் கறுப்பு அட்டையோடு இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அவ்வசனம் இன்றும் இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் பாடத்தில் அது இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு, நூற்றாண்டுகளின் சச்சரவு ஒரு விரற்கடை இடத்தில் தென்படும்.

பழைய ஏற்பாட்டின் பாட சரித்திரம் இன்னும் விசித்திரமானது. 1947இல் சாக்கடலின் கரையில், கும்ரான் குகைகளில், ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் முழுமையாக ஒரு தோற்சுருளில் கிடைத்தபோது, அதுவரை முழு எபிரெய விவிலியத்துக்கு ஆதாரமாய் இருந்த 1008ஆம் ஆண்டின் லெனின்கிராட் பிரதியைவிட அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்றும், அப்படியிருந்தும் இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன என்றும் அறிந்து நம்பிக்கையாளர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நியாயமானதே, ஆனால் அதே குகைகள் வேறு செய்தியும் வைத்திருந்தன. எரேமியாவின் நூல் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எபிரெயத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாக இருப்பதைக் கண்டு, மொழிபெயர்த்தவர் சுருக்கிவிட்டார் என்று சொல்லிவந்தனர். கும்ரானில் அச்சுருங்கிய வடிவத்தோடு ஒத்த எபிரெயத் துணுக்குகளே கிடைத்தன. ஆகவே எரேமியா நூல் இரண்டு உருவத்தில் உலவியது என்பது தெளிவாயிற்று. சாமுவேல் நூலிலோ, கோலியாத் நம் பாடத்தில் ஆறு முழமும் ஒரு சாணும் உயர்ந்து நிற்கிறான். கும்ரான் சுருளிலும் கிரேக்க ஏடுகளிலும் நான்கு முழமும் ஒரு சாணுமே. கதை கைமாறக் கைமாற அரக்கன் இரண்டு முழம் வளர்ந்திருக்கிறான் என்று சொல்வது பலர்க்கும் இயல்பாகத் தோன்றுகிறது.

கோலியாத்தை விட்டு அகலுமுன் மற்றொன்று. அவனைக் கொன்றவன் தாவீது என்பது குழந்தைகளும் அறிந்தது. ஆனால் இரண்டாம் சாமுவேலின் 21ஆம் அதிகாரம் அவனைக் கொன்றவன் பெத்லெகேமைச் சேர்ந்த எல்க்கானான் என்று, வேறொரு பட்டியலின் நடுவே, எந்தப் பரபரப்பும் இல்லாமல் சொல்கிறது. நாளாகமத்தை எழுதியவர் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து, எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று திருத்தினார். 1611இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் அச்சகோதரனைச் சாமுவேலிலும் கொண்டுவந்து, மூலத்தில் இல்லாத சொல் என்பதை வேறு எழுத்தால் காட்டி வைத்தனர். பின்வந்த பக்தர் நேர்மையோடு கவலைப்பட்டு மூலத்தைச் செப்பனிட்ட வரலாறு விவிலியத்துக்கு வெளியில் தொடங்கவில்லை, உள்ளேயே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தாவீது ஜனத்தொகை எடுத்த சம்பவத்தில் இது இன்னும் ஆழமாகத் தெரிகிறது: அவனை ஏவியது கர்த்தரின் கோபம் என்கிறது சாமுவேல், அதே சம்பவத்தைப் பின்னாளில் திரும்ப எழுதிய நாளாகமம், ஏவியவன் சாத்தான் என்கிறது. இஸ்ரவேலின் வீரர் எண்ணிக்கை முன்னதில் 8,00,000, பின்னதில் 11,00,000. எண்ணிக்கையைப் பற்றி வாதாடியவர் அநேகர். ஆனால் விஷயம் எண்ணில் இல்லை. தீமைக்கு ஏவும் செயலைக் கடவுளுக்கு உரியதாகச் சொல்ல ஒரு தலைமுறை கூசவில்லை, மற்றொரு தலைமுறை கூசியது. அந்தக் கூச்சம் பிறந்த இடத்தை நமக்குக் காட்டுவது அம்முரண்பாடு. அதைச் சமாதானம் சொல்லி மூடுபவர் ஒரு பிழையை மறைக்கவில்லை, ஒரு சரித்திரத்தை மறைக்கிறார்.

இனிச் சுவிசேஷங்களின் செய்திக்கு வருவோம். யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. வமிசம் மத்தேயுவில் சாலொமோன் வழி, லூக்காவில் நாத்தான் வழி. யூதாஸ் மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், ஆசாரியர் அவன் எறிந்த வெள்ளிக்காசினால் நிலம் வாங்குகின்றனர். அப்போஸ்தலர் நடபடிகளில் நிலம் வாங்கியவன் அவனே, தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். இயேசு பிறந்தது ஏரோது அரசன் காலம் என்கிறார் மத்தேயு, ஏரோது கி.மு. 4இல் இறந்தான். லூக்காவும் ஏரோதுவின் காலத்தைச் சொல்லிவிட்டு, பிறப்பைச் சீரியாவின் அதிபதி சிரேனியுவின் குடிமதிப்போடு பொருத்துகிறார். யூதேயாவில் சிரேனியு எடுத்த குடிமதிப்பு கி.பி. 6ஆம் ஆண்டில் என்பது யூத சரித்திரக்காரர் ஜோசிபஸால் தெரிகிறது. பத்தாண்டு இடைவெளியை இணைக்க, சிரேனியு முன்னரும் ஒருமுறை சீரியாவில் அதிகாரம் வகித்தான் என்று கற்பித்தவர் உண்டு. கற்பனைக்குச் சான்று கிடைக்கவில்லை. பிரதான ஆசாரியன் அபியத்தார் காலத்தில் நடந்ததாக மாற்கு சொல்லும், தாவீது தேவசமுகத்து அப்பத்தைப் புசித்த சம்பவம், சாமுவேலின்படி அபியத்தாரின் தந்தை அகிமெலேக்கின் காலத்தது. மாற்கைப் பின்பற்றி எழுதிய மத்தேயுவும் லூக்காவும் அப்பெயரையே ஓசையின்றி விட்டுவிட்டனர். மாற்கின் தொடக்கத்தில் ஏசாயா சொன்னதாக வரும் மேற்கோளின் முதற்பாதி மல்கியாவினுடையது. போர்பிரி என்னும் கிரேக்கத் தத்துவ ஞானி இதைச் சுட்டிக் குறைகூறியதை ஜெரோம் பதிவு செய்கிறார். பிற்கால ஏடுகள் ஏசாயாவின் பெயரை எடுத்துவிட்டுத் தீர்க்கதரிசிகள் என்று பன்மையில் எழுதிக்கொண்டன.

இவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம், அடுக்கியவர் பலர். அடுக்குவதில் எனக்கு ருசி இல்லை, ஏனெனில் இவற்றுள் பெரும்பாலானவை எந்தப் பழைய சரித்திர நூலிலும் காணக்கூடிய தவறுகள். ஒரே ஒரு முரண்பாட்டில் மட்டும் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். இயேசு சிலுவையில் மரித்த நாள் எது? மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரும் அவர் சீஷரோடு அருந்திய கடைசிப் போஜனம் பஸ்கா விருந்தே என்கின்றனர். ஆகவே மரணம் பஸ்கா நாளில். யோவானோ, அவரைப் பிலாத்துவிடம் கொண்டுவந்த யூதர், தீட்டுப்பட்டால் மாலையில் பஸ்காவைப் புசிக்கக் கூடாதென்று அரண்மனைக்குள் நுழையவில்லை என்றும், அது பஸ்காவுக்கு ஆயத்த நாள் என்றும் சொல்கிறார். ஆகவே மரணம் பஸ்காவுக்கு முந்திய பகலில். மாற்கில் சிலுவையில் அறைந்தது மூன்றாம் மணி வேளை; யோவானில் ஆறாம் மணி வேளையிலும் அவர் பிலாத்துவின் முன்னேதான் நிற்கிறார். யூதர் கணக்கு வேறு, ரோமர் கணக்கு வேறு என்று கூறி இதைத் தீர்த்தவர்கள் உண்டு. தீர்வு தேவைக்காகப் பிறந்தது என்பது முகத்திலேயே தெரிகிறது. யோவானின் நூலை முதலிலிருந்து படித்தவர்க்கோ மர்மம் ஒன்றும் இல்லை. அதில் முதல் அதிகாரத்திலேயே யோவான்ஸ்நானன் இயேசுவைத் தேவ ஆட்டுக்குட்டி என்று சுட்டிக் காட்டுகிறான். கடைசியில் அவர் மரிக்கும் பகல், எருசலேம் ஆலயத்தில் பஸ்கா ஆட்டுக்குட்டிகள் அறுக்கப்படும் பகலாக அமைகிறது. தத்துவத்துக்காகத் தேதியை நகர்த்தினாரோ, அன்றித் தம்மிடம் இருந்த சரியான தேதியில் தத்துவத்தைக் கண்டாரோ, அதை அறிஞர் இன்னும் வாதிக்கின்றனர். இவ்விரண்டு தேதிகளையும் ஒன்றாக்கி மெழுகினால் யோவான் சொல்ல வந்தது அழிந்துபோகும் என்பதில் வாதம் இல்லை.

இந்த மெழுகும் வேலைக்குத்தான் சமன்வயம் என்று பெயர். வேதாந்திகள் உபநிடத வாக்கியங்களுக்குச் செய்தது போலவே கிறிஸ்தவ பண்டிதரும் சுவிசேஷங்களுக்குச் செய்தனர். முதலில் செய்தவர் சீரியாவைச் சேர்ந்த தாத்தியான், சுமார் கி.பி. 170இல் நான்கு சுவிசேஷங்களையும் அறுத்து ஒட்டி ஒரே கதையாக்கினார். அது நன்றாக இருந்தது; சீரியத் திருச்சபைகள் அதையே நூற்றாண்டுகள் வழிபாட்டில் படித்தன. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டில் சீரஸ் நகரத்து ஆயர் தியோதொரேத்து தம் ஆட்சிப் பகுதியில் அதன் பிரதிகள் 200க்கு மேல் கண்டெடுத்து அகற்றி, நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களை அவற்றின் இடத்தில் வைத்தார். மார்க்கியோன் என்பவர் இதற்கும் முன்னே நால்வருள் லூக்கா ஒருவரையே, அதுவும் வெட்டிச் சுருக்கி, வைத்துக்கொள்வோம் என்றார். அவரைச் சபை 144இல் விலக்கியது. ஆகவே முரண்பாடு இல்லாத ஒற்றைச் சுவிசேஷம் வேண்டுமென்றால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருமுறை கைக்கு வந்தது. இருமுறையும் ஆதிச் சபை வேண்டாமென்று தள்ளியது. முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி வெற்றிக் களிப்பு அடைவோரும், முரண்பாடே இல்லையென்று சாதிப்போரும் சமமாக மறந்துவிடும் உண்மை இது. செல்சுஸ் என்னும் தத்துவவாதி இரண்டாம் நூற்றாண்டிலேயே அநேக முரண்பாடுகளைக் காட்டி எழுதிவிட்டார். அவருக்கு மறுப்பு எழுதிய ஒரிஜனே, ஆலயத்திலிருந்து வணிகரை விரட்டிய சம்பவம் யோவானில் ஊழியத்தின் தொடக்கத்திலும் மற்ற மூவரில் முடிவிலும் வருவதைக் கண்டு, எழுத்தின்படி இவை பொருந்தமாட்டா என்றும், உண்மை ஆன்மிகப் பொருளில் உள்ளது என்றும் தம் யோவான் உரையில் ஒப்புக்கொண்டார். அவரளவு துணிவு பின்வந்தவர்க்கு இல்லை. போர்பிரியின் நூலுக்கு மறுமொழியாக 448இல் பேரரசன் அதைத் தீயிலிட ஆணையிட்டான்; தானியேல் நூல் அந்தியோகஸ் அரசன் காலத்தில் எழுந்தது என்று அவர் சொன்ன வாதம் மட்டும் ஜெரோமின் உரையில் மேற்கோளாய் உயிர்தப்பி, இன்று பல்கலைக்கழகங்களில் பெரும்பான்மையோர் கருத்தாக இருக்கிறது.

சமன்வயம் எல்லையைக் கடந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லூதரின் நண்பர் ஒசியாண்டர் 1537இல் எழுதிய ஒருங்கிசைவு நூல் அழியாத சாட்சி. சுவிசேஷகர் ஒரே சம்பவத்தை வெவ்வேறு வரிசையில் சொன்னால் அது வெவ்வேறு சம்பவமாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் விதித்துக்கொண்டார். அதன் பயனாக யவீருவின் மகள் பாவம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை உயிர்த்தெழ வேண்டியதாயிற்று. இது பழங்கால வேடிக்கை என்று எண்ண வேண்டாம். ஹெரால்டு லிண்ட்ஸெல் என்னும் அமெரிக்கர் 1976இல் எழுதிய நூலில், சேவல் கூவும் கணக்குப் பொருந்தும்பொருட்டு, பேதுரு இயேசுவை மூன்று முறையல்ல, ஆறு முறை மறுதலித்தான் என்கிறார். நால்வருள் ஒருவரும் ஆறு என்று சொல்லவில்லை. நான்கு சுவிசேஷங்களைக் காப்பாற்றப் புறப்பட்டவர் ஐந்தாவது ஒன்றை எழுதிவிடுகிறார்.

விமர்சனத்தின் சரித்திரத்தில் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது, அதைச் செய்தவர் பெரும்பாலும் மடத்துக்கும் சபைக்கும் உள்ளே இருந்தவர் என்பது. புறம்பாக்கப்பட்ட யூதராகிய ஸ்பினோசா 1670இல் மோசே ஐந்து நூல்களையும் எழுதியிருக்க முடியாது என்றார், மோசேயின் மரணத்தையே அவற்றுள் ஐந்தாவது விவரிக்கிறதல்லவா. ஆனால் அதே முடிவை நெருங்கிய ரிச்சர்டு சைமன் ஒரு பாதிரியார். ஜலப்பிரளயக் கதையில் ஓரிடத்தில் ஒவ்வொரு ஜீவனிலும் ஒரு ஜோடி, மற்றோரிடத்தில் சுத்தமானவற்றில் ஏழேழு. இப்படி இரண்டு மூலங்கள் பின்னிக் கிடப்பதை 1753இல் பிரித்துக் காட்டிய ஆஸ்திருக் பிரெஞ்சு அரசவை வைத்தியர், மோசேக்குச் சார்பாகவே அதை எழுதினார். இந்த ஆராய்ச்சி 1878இல் வெல்ஹவுசன் கையில் நான்கு மூலக் கொள்கையாக உருப்பெற்றது. அதன் நுணுக்கங்களை இன்று அப்படியே ஏற்பவர் குறைவு, ஐந்து நூல்களும் பலர் கைப்பட்டவை என்பதை மறுப்பவர் அதனினும் குறைவு.

இவர்கள் எல்லாரிலும் என் மனத்துக்கு இசைந்தவர் தென் ஆப்பிரிக்காவில் நத்தால் நாட்டு ஆயராயிருந்த ஜான் வில்லியம் கொலென்சோ. இங்கிலாந்தில் கணித வாத்தியாராய் இருந்து பாடப்புத்தகங்கள் எழுதியவர். சூலு மக்களிடையே ஊழியம் செய்யப் போனார். ஜலப்பிரளயக் கதையைச் சூலு மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது உடனிருந்த சூலு உதவியாளர், இவையெல்லாம் உண்மையாகவே நடந்தனவா, எல்லா மிருகங்களும் அப்படி வந்து சேர்ந்தனவா என்று கேட்டுவிட்டார். கற்பிக்க வந்த இடத்தில் கற்கும் மனிதன் கேட்ட கேள்விக்கு, ஆம் என்று சொல்ல ஆயருக்கு நா எழவில்லை. கணக்கு வாத்தியார் எண்ணாகமத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். எகிப்திலிருந்து புறப்பட்ட போர்வீரர் 6,03,550. ஆண் தலைப்பிள்ளைகளோ 22,273. போர்வீரரோடு சிறுவரையும் சேர்த்தால், அவ்வளவு ஜனத்துக்கு இவ்வளவே தலைப்பிள்ளைகள் என்றால் ஒவ்வொரு தாய்க்கும் நாற்பதுக்குக் குறையாத ஆண்மக்கள் பிறந்திருக்கவேண்டும். 1862இல் நூலின் முதற்பகுதி வெளிவந்தது. 1863இல் கேப் டவுன் ஆயர் அவரைப் பதவியிலிருந்து விலக்கித் தீர்ப்புச் செய்தார். 1865இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பு செல்லாது என்றது. சூலுவை மதம் மாற்றப் போனவரைச் சூலு மாற்றிவிட்டான் என்று இங்கிலாந்தில் கேலி செய்தனர். கேட்கத்தக்க கேள்வியை ஆப்பிரிக்கன் கேட்டுவிட்டானே என்ற எரிச்சல் அக்கேலியில் இருந்தது.

இத்தகைய கேள்விகள் இந்தியாவிலும் எழாமல் இல்லை. 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருக்கும் மௌலவி ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் நடந்த வாதம் பிரசித்தமானது. மௌலவியோடு இருந்த வைத்தியர் வாசீர் கான் இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய விமர்சகரின் நூல்களைக் கொண்டுவந்திருந்தார்; பாடம் சில இடங்களில் மாறியிருப்பதைப் பாதிரியார் சபையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வளவில் விவாதம் முடிந்தது என்று மௌலவியின் கட்சியார் கருதியது, முதல் வினாவையும் மூன்றாம் வினாவையும் ஒன்றாக்கிய பழைய பிழையே. ஆனால் அந்தப் பிழைக்கு வழிவகுத்தவர், எழுத்துக்கு எழுத்து மாறாதது எங்கள் வேதம் என்று சொல்லி வந்த மறுகட்சியார் என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், அந்நூலைப் பழுதறக் கற்ற காரணத்தால், 1854இல் எழுதிய சைவதூஷண பரிகாரத்தில் வேறொரு வழியைக் கைக்கொண்டார்: உங்கள் நூல் பொய் என்று தொடங்காமல், ஆலயம், பலி, தூபம், தீபம் எல்லாம் உங்கள் நூலிலும் இருக்க எங்கள் கிரியைகளை ஏன் இகழ்கிறீர் என்று கேட்டார். விமர்சனக் கலையில் அது ஒரு நுட்பம்.

புறச்சான்றுகள் எவ்வளவு தூரம் உதவும்? நினிவேயில் கிடைத்த சனகெரிப்பின் களிமண் பட்டயம், கி.மு. 701இல் எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் 30 தாலந்து என்கிறது. ராஜாக்களின் நூலும் 30 என்கிறது. வெள்ளி பட்டயத்தில் 800, விவிலியத்தில் 300. வாங்கியவன் கூட்டியிருக்கலாம், கொடுத்தவன் குறைத்திருக்கலாம், உலக வழக்கு அதுதான். எருசலேமைப் பிடித்ததாக அசீரியன் சொல்லவில்லை என்பதும் விவிலியத்துக்கு அநுகூலம். எரிகோவிலோ நிலைமை மறுதலை. 1930களில் கார்ஸ்டாங் யோசுவாவின் காலத்து மதிலைக் கண்டதாகச் சொன்னார். 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்த காத்லீன் கென்யன், அம்மதில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியதென்றும், யோசுவாவுக்குரியதாகக் கருதப்படும் காலத்தில் இடிந்து விழுவதற்கு அங்கே மதிலே இல்லையென்றும் காட்டினார். ஆகவே ராஜாக்களின் காலத்துக்கு விவிலியம் கவனத்தோடு பயன்படுத்தத்தக்க சரித்திர ஆதாரம். அதற்கு முந்திய காலத்துக்கு அவ்வாறு சொல்ல இயலாது. ஒரே அட்டைக்குள் கட்டியதனால் அறுபத்தாறு நூல்களும் ஒரே எடை பெற்றுவிடா.

பிரமாணம் பற்றிய வினாவில் திருச்சபைகளே தம் நிலையை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. 1893இல் போப் பதின்மூன்றாம் லியோ விவிலியத்தில் பிழைக்கே இடமில்லை என்றார். 1943இல் பன்னிரண்டாம் பயஸ் பழங்கால இலக்கிய வகைகளை அறிந்து படிக்கவேண்டும் என்று அறிஞர்க்கு வழி திறந்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனிதரின் இரட்சிப்புக்காகக் கடவுள் பதிவு செய்விக்க விரும்பிய உண்மையை அந்நூல் பிழையறக் கற்பிக்கிறது என்று, சொற்களை மிக நிதானமாக அளந்து, வரம்பு கட்டியது. புராட்டஸ்டண்டாருள் ஒருசாரார் எதிர்த்திசையில் சென்றனர்: 1978இல் சிக்காகோவில் கூடி வெளியிட்ட அறிக்கை, விவிலியம் முற்றிலும் பிழையற்றது என்றும், அப்பிழையின்மை மூலக் கையெழுத்துப் பிரதிகளுக்கே உரியது என்றும் சாதிக்கிறது. மூலப் பிரதிகள் இல்லை. இல்லாத ஏட்டின் குறையின்மையைப் பற்றி நிச்சயம் பேசுவது, தர்க்கத்தில் தோற்கடிக்க முடியாத வாதந்தான். ஆனால் அதனால் கையில் இருக்கும் ஏட்டைப் படிப்பவர்க்கு ஒரு பயனும் இல்லை. பிழையற்றது என்னும் கோட்பாட்டை அந்நூல்களே தாங்கமாட்டா என்பதும், பிழை உண்டு என்பதனால் எல்லாம் கட்டுக்கதை என்பது சான்றுகளை மீறிய துணிபு என்பதும் என் தீர்மானம். உயிர்த்தெழுதலின் காலைப்பொழுதை நான்கு சுவிசேஷங்களிலும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கல்லறைக்குச் சென்றவர் யார், எத்தனை தூதர், சீஷர் கலிலேயாவுக்குப் போனாரா எருசலேமில் தங்கினாரா என்பவற்றில் நால்வரும் ஒத்துப்போகவில்லை. கூடிப் பேசிச் சாட்சி சொல்பவர் இப்படிச் சொல்லமாட்டார். ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து ஒருவர் ஓதக் கேட்டு எழுதுபவரும் இப்படி எழுதமாட்டார்.

அந்நால்வருள் முதலில் எழுதியவர் மாற்கு என்பது பெரும்பாலோர் கருத்து. அவருடைய நூல், கல்லறையிலிருந்து நடுங்கி ஓடிய பெண்கள் அச்சத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று 16ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன் பின் நம் வேதாகமங்களில் உள்ள பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு பெரும் பிரதிகளில் இல்லை. அவ்விரண்டுள் ஒன்றாகிய வத்திக்கான் பிரதியை நான்காம் நூற்றாண்டில் எழுதியவர், அவ்வசனத்தோடு நிறுத்தி நூலின் பெயரை எழுதியபின், தம் வழக்கத்துக்கு மாறாக அடுத்த பத்தியில் லூக்காவைத் தொடங்காமல் அதை முழுதும் வெறுமையாக விட்டிருக்கிறார். அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.